மேல் குப்பி ரத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலைகளின் புகைக்கு நடுவே, வெள்ளைக் கோட்டு போட்டு வேலை செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே ரத்தப் பரிசோதனைக் கிட் செய்கிறார்கள். வயிற்றில் பிள்ளை வளர வளர, தாயின் ரத்தத்தில் ஒரு நொதி ஏறிக்கொண்டே போகும். பிரசவ வலியைக் கிளப்பும் ஹார்மோனை உடைத்துப் போடுவது அதன் வேலை. அந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காட்டும் கிட் அது. பழவேற்காட்டு ஹாஜிரா அங்கே வேலைக்குச் சேர்ந்தது கல்யாணமான புதிதில். வேலை பழகி முடிப்பதற்குள் பிள்ளை பெற்று லீவில் போய்விடுவோம் என்று நினைத்தாள். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

ஒவ்வொரு கிட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு சின்னக் குப்பிகள் போகும். மேல் குப்பியில் கர்ப்பிணிகளின் ரத்தநீர். சோதித்தால் நிறம் அடர்த்தியாக வரும். கீழ்க் குப்பியில் மற்றப் பெண்களுடையது; வெளுத்துத்தான் வரும். இரண்டுக்கும் விருப்பப்பட்டு ரத்தம் கொடுப்பது அங்கே வேலை செய்யும் பெண்கள்தான். யாராவது உண்டாகிவிட்டால், "மேல் குப்பிக்கு ஆள் கெடச்சாச்சு" என்று கேன்டீனில் கேசரி கிண்டிவிடுவார்கள். ஹாஜிரா எத்தனையோ பேருடைய கேசரியைத் தின்றுவிட்டாள். அவள் ரத்தம் மட்டும் வருஷக்கணக்காகக் கீழ்க் குப்பியிலேயே போய்க்கொண்டிருந்தது. வெளியூர் போகிற அத்தனை பெட்டியிலும் தன் குறையை வைத்து ஒட்டி அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். பேக்கிங் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள்.

அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் முஜீப்பிடம்கூட மூச்சு விடவில்லை. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கவும் மனம் வரவில்லை. ஒற்றைக் கோட்டை எத்தனை தடவைதான் பார்ப்பாள்?

அன்று, கூட வேலை செய்யும் ஏழு மாதக்காரி பூமிகாவின் ரத்தநீரைச் சோதிக்கும் வேலை ஹாஜிராவுக்கு வந்தது. சோதனை பிளேட்டில் வரிசை வரிசையாகக் குட்டிக் கிண்ணங்கள். கடைசியில் இரண்டு காலி. ஒன்றில் பூமிகாவுடையதை விட்டு, பக்கத்தில் தன்னுடையதை விட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவுகட்டினாள். இவ்வளவு சீக்கிரத்தில் அந்த நொதி ஏறாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கீழ்க் குப்பிக்கு எடுத்திருந்த தன் ரத்தநீர்க் குழாயையும் கொண்டுவந்து ஸ்டாண்டில் செருகினாள். விட வேண்டியதை விட்டாள், கழுவ வேண்டியதைக் கழுவினாள், கடைசியில் நிறம் காட்டும் மருந்தையும் சேர்த்தாள்.

பூமிகாவின் கிண்ணத்தில் நீலம் ஏறியது. பக்கத்துக் கிண்ணத்திலும் ஏறியது, கொஞ்சமும் சளைக்காமல்.

"யா அல்லாஹ்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முஜீப் கிரேனிலிருந்து இறங்கி ஓடிவருவது மனக்கண்ணில் தெரிந்தது. ஏழு மாத நீலம் இப்போதே எப்படி வரும் என்று கேட்கவேண்டிய மூளை அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது. இத்தனை வருஷ ஏக்கமும் ஒரேயடியாகக் கண்ணில் கொட்டியது.

பூமிகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாக்கா, அழுதுக்கினு கீற? இன்னா ஆச்சு?"

ஹாஜிரா பிளேட்டைக் காட்டினாள். "அந்தக் கடைசிக் கிண்ணம்... அது என்னுதுடி."

பூமிகா பிளேட்டைப் பார்த்தாள். ஸ்டாண்டைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னாள். "உன் டியூப்பு மூடியே தொறக்கலியேக்கா."

அந்த லேபில் எந்த ரத்தத்தையும் ஒற்றைக் கிண்ணத்தில் விடமாட்டார்கள். ஒன்றில் பிசகினால் மற்றது காட்டிக்கொடுக்கும் என்று இரண்டிரண்டாகத்தான் விடுவார்கள். இத்தனை வருஷம் அப்படியே பழகிய கை, அவளைக் கேட்காமலே, பூமிகாவுடையதையே இரண்டிலும் விட்டிருந்தது.

"ரெண்டும் உன்னுதுதாண்டி" என்றாள் ஹாஜிரா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பூமிகா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வேற பிளேட்டு கீதுக்கா. உன்னுத இப்பவே போட்டுப் பாத்துரலாமா?"

ஹாஜிரா தன் குழாயை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"வேணாண்டி. போட்டா இல்லன்னு சொல்லிடும். இன்னிக்கி ஒரு நாளாச்சும் தெரியாமயே இருந்துக்கினு போறேன்."