ஒற்றைக் கையால் கட்டிய லுங்கி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, டாக்டர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஏழாவதோடு நின்றவள் நான். புரியாததற்கெல்லாம் சேர்த்துப் பயந்தேன். அவர் இருமினால் பயம், இருமாவிட்டாலும் பயம்.

அவருக்குப் பயமில்லை, வீம்புதான். தடி ஊன்றி நடக்க வந்த பிறகும் வாசலைத் தாண்டவில்லை. தெருமுனை டீக்கடையில்தான் அவருடைய ஆட்டோக்காரக் கூட்டாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்க்க ஆசை. ஆனால் பெண்டாட்டி கட்டிவிட்ட லுங்கியோடு அங்கே போக மாட்டாராம்.

"எலாஸ்டிக் பேன்ட் வாங்கியாந்து தரேங்க."

"நான் இன்னா எல்கேஜி புள்ளையா? போடி."

தினமும் காலையில் இதே வேலை. கட்டிலில் உட்கார்ந்து, வராத காலை முதலில் லுங்கிக்குள் விடுவார். எழுந்து வலது இடுப்பைச் சுவரில் சாய்த்துத் துணியை அழுத்திக்கொள்வார். சுவர்தான் வலது கை. இடது கையால் மிச்சத் துணியை இழுத்து, வயிற்றுக்குக் குறுக்கே மடித்துச் செருகுவார். அது நழுவிக் காலடியில் விழும். திட்டுவார், என்னை அல்ல, லுங்கியை. மறுபடி உட்காருவார்.

கதவுக்குப் பின்னால் நான் நிற்பது தெரிந்துவிடும். "உன் மூச்சு சத்தம் இங்க கேக்குது. போயி சோத்தப் பாரு."

சிக்னலில்கூட நிற்காத மனுஷன். இவ்வளவு பொறுமையை எங்கே வைத்திருந்தாரோ!

ஒரு பௌர்ணமியன்று செருகல் நழுவாமல் நின்றது. அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார். கிரிவலத்துக்கு வந்தவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். யாராவது இடித்துவிட்டால்? தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பயந்த மாதிரியே கடைக்குச் சற்று முன்னால் லுங்கி தளர்ந்தது. உள்ளே டவுசர் இருந்தது, இருந்தாலும் மானம் மானம்தானே. ஓடினேன்.

"அங்கியே நில்லு!" என்றார் திரும்பாமல்.

கரண்டு கம்பத்தில் தடியைச் சாய்த்தார். வலது இடுப்பை அதில் ஒட்டினார். இழுத்தார், மடித்தார், செருகினார். கூட்டம் அவரைச் சுற்றி ஒதுங்கிப் போனது.

கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணே, பாத்து! கம்பம் சாஞ்சிடப் போவுது!"

"சாஞ்சா உன் தலைலதான்டா விழும். டீ சொல்லு, சக்கர கம்மியா."

சர்க்கரை கம்மி. அதையும் அவரே சொல்லிவிட்டார். நான் ஊக்கைத் திரும்பச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன்.