நான் வேண்டாமென்ற பங்களா

என் சகலைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இப்படிச் சொன்னால் எனக்கு நல்ல மனசு என்று நினைத்துவிடுவார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் கொடைக்கானலில் ஒரே ஓட்டலில் பேரர்களாக இருந்தோம். நான் அக்காளைக் கட்டியவன், அவன் தங்கையைக் கட்டியவன். சீசன் ஆரம்பித்தால் பேரர்கள் ஓட்டலிலேயே படுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் இரண்டு மாதம் வாசல் மிதிக்க முடியாது. விடிவதற்கு முன்பே அறைகளுக்கு வெந்நீர் சுமக்க வேண்டும், அப்புறம் பெட் டீ, அதை இறக்கி வைப்பதற்குள் எங்கிருந்தாவது மணி அடித்துவிடும். காய்ச்சல் கண்டாலும் கோட்டை மாட்டிக்கொண்டு சிரித்தாக வேண்டும்.

அப்போது ஹெட் பேரர் வேலையை விட்டு நிற்கப் போகிறார் என்று பேச்சு. அடுத்து நானா, சகலையா? எனக்கு அனுபவம் இருந்தது. அவனுக்கு முகராசி இருந்தது. விருந்தாளிகள் என்னைத் தாண்டி அவனைக் கூப்பிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

வருஷா வருஷம் வந்து தங்கும் மதுரைக்காரர் ஒருவர் வட்டக்கானல் போகிற வழியில் ஒரு பங்களா வாங்கினார். "நம்பிக்கையான ஆளு வேணும்ப்பா. குடும்பத்தோட அங்கேயே இருந்துக்கிடலாம். நீ வர்றியா?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார். பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காவலா? ஓட்டலில் பேரர் தலைப்பாகை கட்டியவன் போய்க் களை பிடுங்குவதா? "என் சகலை இருக்கான்ங்க. அவனை மாதிரி ஆளு கெடைக்காது" என்றேன். போட்டி ஒழிந்த சந்தோஷத்தில் அவனுடைய டிரங்குப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன்.

ஹெட் பேரர் ஆனேன். முன்பெல்லாம் என் தப்புக்கு மட்டும் திட்டு வாங்கினேன். இப்போது எல்லோருடைய தப்புக்கும் வாங்கினேன். சோற்றில் கை வைத்தால் மானேஜர் கூப்பிடுவார்.

அங்கே சகலை மத்தியானம் பெண்டாட்டியோடு உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டான். பின்பக்கம் பட்டர் பீன்ஸ் போட்டான். ஒருநாள் நான் போனபோது, இளவெயிலில் கட்டிலைப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மனுஷன் தூங்குவதைப் பார்த்து அவ்வளவு ஆத்திரம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுப்பாமலே திரும்பிவிட்டேன். வீட்டில் மனைவியிடம், "என் சம்பளத்துல பாதி கூட அவனுக்குக் கெடையாது, தெரியுமில்ல?" என்றேன். "ஆமா. ஆனா அவரு வீட்டுல இருக்காரு" என்றாள் அவள்.

மூன்றாவது சீசனில் மதுரைக்காரர் விருந்தாளிகளோடு எங்கள் ஓட்டலுக்குச் சாப்பிட வந்தார். சூப்பை வைத்துக்கொண்டே, "பங்களாவைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க. உங்க ஆளு சொந்தச் சோலிதான் பாக்குறான், எந்நேரமும் பீன்ஸ் தோட்டத்துலதான் கெடக்குறான்" என்று காதோரம் சொன்னேன். "நான்தாம்ப்பா போடச் சொன்னேன்" என்று சிரித்தார். சிரித்து முடித்தபின் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தட்டுகளை எடுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சகலை சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, பக்கத்துப் பங்களாவையும் மொதலாளி வாங்கிட்டாரு. ஆளு வேணுமாம். உங்களைச் சொல்லியிருக்கேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

கொஞ்சம் தயங்கினான். "நீ அவனைச் சொல்றே, அவன் உன்னைப் பத்தி இப்படிச் சொல்றானேன்னாரு. சீசன் அலுப்புல சொல்லியிருப்பாருங்க, அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னேன். சரி, வரச் சொல்லுன்னுட்டாரு. வெரசா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே. அக்காளும் தங்கச்சியும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம்."

அவன் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால், துளி இளக்காரமாவது இருந்திருந்தால், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்போதே அவனோடு போயிருப்பேன். அவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதையாவது எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவன் மனசையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது. இவனுக்கு அடுத்த வீட்டில் காலமெல்லாம் எப்படிக் குடியிருப்பது?

"சீசன் முடியட்டும், பாப்போம்" என்றேன்.

மதுரைக்காரர் அதுவரை காத்திருக்கவில்லை. வடகவுஞ்சிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே வந்துவிட்டார். சீசன் முடிந்ததும் என் மனைவி தங்கையைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். அந்த வடகவுஞ்சிப் பெண்ணும் தங்கையும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டே இருந்தார்களாம்.

"அந்த எடத்துல நான் நின்னிருக்கணும்" என்றாள்.