அக்காவுக்குக் கிடைத்த பெயர்

அக்காவின் பல்லுக்குக் கம்பி போட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. சாதாரண எரிச்சல் இல்லை, சோறு இறங்காத எரிச்சல். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. பாவாடையோ சைக்கிளோ, எது வந்தாலும் முதலில் அவளுக்கு, அவளுக்குச் சிறுத்துப்போன பிறகு எனக்கு என்பதுதான் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டின் சட்டம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வாயில் போட்ட கம்பி மட்டும் எந்தக் காலத்திலும் என்னிடம் இறங்கி வராது என்று புரிந்தபோதுதான் ஆத்திரம் தாங்கவில்லை.

அக்காவுக்கு முன்பல் தூக்கியிருந்தது. டிவியில் ஓடும் காமெடியில் எத்துப்பல் வைத்த ஒரு பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாள், மாப்பிள்ளை அலறிக்கொண்டு ஓடுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அக்கா மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். நான் எழுந்தால் "உட்காருடி, மறைக்காத" என்று அதட்டும் அம்மா, அவளை ஒன்றும் சொல்ல மாட்டாள். இதிலும் ஓரவஞ்சனை என்று பொருமுவேன்.

ஒருநாள் அம்மா அப்பாவிடம், "பெரியவ சிரிச்சு எத்தன நாளாச்சு பாத்தீங்களா? போட்டோ எடுக்கக் கூப்பிட்டாக்கூட வரமாட்டேங்கறா" என்றாள். அடுத்த வாரமே அப்பா அவளைக் கடலூரில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். போகும்போது வெறும் வாயோடு போனவள், வரும்போது பல்லெல்லாம் வெள்ளி மின்ன, நடுநடுவே நீல ரப்பரோடு வந்து நின்றாள். அடேயப்பா! கோயில் திருவிழாவில்கூட நான் அப்படி ஜொலித்ததில்லை. அதோடு விட்டதா? மாதம் ஒருமுறை, அப்பாவுக்கு ஆஃப் இருக்கும் நாளில், கம்பியை டைட் பண்ண இருவரும் ஜோடியாகக் கடலூருக்குப் பஸ் ஏறினார்கள். கடலூர் என்றால் கடல். கடல் என்றால் அலை, சுண்டல், ராட்டினம். என் பங்குக்கு எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி வீடும் அவர்கள் தரும் பிஸ்கட்டும்.

அந்த ஆன்ட்டிதான் வழி சொன்னார். "சின்னதுல வெரல் சூப்புனா இப்படித்தான் பல்லு தூக்கிக்கும்" என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அன்றைக்கே கட்டைவிரலை வாயில் வைத்தேன். ஒரு வாரம் விடாமல் சூப்பினேன். விரல்தான் ஊறி வெளுத்தது, பல் அசைய மறுத்தது. பல் வலிக்கிறது என்று அழுது பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்குது. சும்மா நடிச்சிகினு, போடி அந்தாண்ட" என்றார். என் வாழ்க்கையில் அதைவிடக் கெட்ட செய்தியை நான் அதுவரை கேட்டதில்லை.

இத்தனையும் போதாதென்று அக்காவுக்குப் பெயர் வேறு கிடைத்தது. ஸ்கூல் பஸ்ஸில் அவள் ஏறினால் போதும், பின்சீட்டு அண்ணன்கள், "பக்கெட் வீல் வருதுடா, வழி விடுங்கடா!" என்று கத்துவார்கள். பஸ்ஸே அதிரும்.

பக்கெட் வீல் என்றால் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சச மெஷின். வீட்டை விடப் பெரிய சக்கரம், அதைச் சுற்றி வாளிகள், ஒவ்வொரு வாளியின் வாயிலும் வரிசையாக இரும்புப் பற்கள். அதைத்தான் அப்பா ஓட்டினார். ஒருமுறை எங்களைக் கூட்டிப்போய் மேட்டில் நிறுத்தி, "அதோ பாரு, அப்பாவோட வண்டி" என்று காட்டியிருக்கிறார். ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற மெஷின் அது. அந்தப் பெயரை எனக்கு வைக்கக் கூடாதா? நானும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே! அக்கா என்னவோ தலையைக் குனிந்துகொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு போய் உட்காருவாள். எவ்வளவு திமிர் பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மதியச் சாப்பாட்டையும் அப்படியே திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஸ்கூலில் வாயைத் திறந்து சாப்பிடுவதே இல்லை. ஆள் பாதியாகிவிட்டாள். அழகாக இருக்கவேண்டும் என்று ஒல்லியாகிறாள் என எனக்கு அதிலும் பொறாமை. ஆனால் அந்த டிபன் பாக்ஸை மட்டும், பொறாமையை ஓரமாக வைத்துவிட்டு, நானே காலி செய்தேன்.

ஒரு சாயங்காலம் சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளைக் கிழித்து முன்பற்களில் ஒட்டிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று அவளைப் போலவே வாயைப் பொத்தி, தலையைக் குனிந்து நடந்து பார்த்தேன். அசல் அக்கா! திரும்பினால் வாசற்படியில் அவளே நிற்கிறாள்.

"பாத்தியா, இப்ப நானும் பக்கெட் வீலு!" என்று பல்லைக் காட்டினேன்.

பளாரென்று விழுந்தது அறை. வெள்ளித்தாள் தெறித்துப் போனது.

"ஸ்கூல்ல அவனுங்க பண்றது பத்தாதா? நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்தியவள், அடி வாங்கிய என்னை விட அதிகமாக அழுதாள். எனக்கு வலித்தாலும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்பாடா, கடைசியில் இவளுக்கும் என்னைப் பார்த்துப் பொறாமை வந்துவிட்டது.

அந்த மாதம் அக்கா கடலூர் போக மாட்டேன் என்றாள். "கம்பியக் கழட்டிடுங்க. எனக்குப் பழைய பல்லே போதும்." காரணம் கேட்டால் வலிக்கிறது என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மா கெஞ்சினாள், அப்பா கத்தினார். கடைசியில் அவளை வீட்டில் விட்டுவிட்டு, டாக்டரிடமே யோசனை கேட்டு வரலாம் என்று அப்பா கிளம்ப, அழுது அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன்.

"பாதியில கழட்டினா பல்லு பழையபடி வந்துடும்ங்க. பொண்ணு மனசுல என்னன்னு பக்குவமா கேட்டுப் பாருங்க" என்றார் டாக்டர்.

கடற்கரைக்குப் போயே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அக்காவை மட்டும் மாதாமாதம் கூட்டிப்போகவில்லையா என்று கேட்டதற்கு, "அவ எங்கம்மா கடலப் பாத்தா? வலி தாங்காம அழுதுகினே வருவா. நேரா பஸ் ஸ்டாண்டுதான்" என்றார் அப்பா. பொய் என்று நினைத்தேன்.

மணலில் உட்கார்ந்ததும் நெஞ்சிலிருந்ததைக் கொட்டிவிட்டேன். "அக்காவ மட்டும் எல்லாரும் பக்கெட் வீல்னு கூப்பிடறாங்கப்பா. என்னை யாருமே கூப்பிடல."

அப்பா திரும்பிப் பார்த்தார். "யாரு கூப்புடறது?"

"பஸ்ஸு முழுக்கத்தான். பல்லுல இரும்பு இருக்குதில்ல, அதுக்கு."

"அவ என்னா சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. வாயைப் பொத்திகினு போய் உக்காந்துக்குவா. அவ்ளோ திமிரு அவளுக்கு." கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, "நீதானப்பா அந்த மெஷின ஓட்டுற? நீ ஒரு வார்த்த சொன்னா என்னையும் அப்படிக் கூப்புடுவாங்க. சொல்றியாப்பா?" என்று கேட்டேன்.

 அப்பா என்னை எழுப்பி, பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தார். குறிஞ்சிப்பாடி தாண்டி, வடலூரும் தாண்டிவிட்டது. அவரும் அக்காவைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயரையும் அவளுக்கே கொடுத்துவிட்டார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரும்வரை அழுதேன்.