மொரிப் கடலும் இரும்பு வைத்தியமும்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் கங்கோங் கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள் அப்படியே மல்லாக்க விழுந்தார். வலிப்பு. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பதறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் எதையாவது மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் நம் ஆட்களுக்கு வராதே. "இரும்பு, இரும்பு குடுங்க" என்று நாலு பக்கமும் குரல். ஒருத்தன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அந்த மனுஷன் கையில் திணிக்கிறான். இன்னொருத்தன் செருப்பைக் கழற்றி மூக்கில் வைக்கிறான். மீன் கழுவின தண்ணீரை மிதித்துவிட்டு வந்த செருப்பு.

"எடுடா அந்தச் செருப்ப" என்று கத்தினேன். "பாட்டி, நீங்க தள்ளி நில்லுங்க லா" என்று என்னைத்தான் ஓரம் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து கீரையை மூன்று தடவை அலசியும் அந்த அருவருப்பு போகவில்லை. அந்த ஆளைப் பார்த்து அல்ல. உதவி செய்ய ஓடி வந்தார்களே, அந்த மூஞ்சிகளைப் பார்த்து. ஒவ்வொரு மூஞ்சியிலும் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமையை நான் முதலில் பார்த்தது பெரிய கிராணி முகத்தில். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆபீஸின் தலைமைக் கிளார்க் அவர். பெயர் வேண்டாம், செத்துப்போன மனுஷன். வேட்டி கட்டினாலும் சரி, கால்சட்டை போட்டாலும் சரி, இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஆபீஸில் எல்லாரும் பேனாவை எடுத்துக்கொள்வார்களாம்.

இது சப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தி. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். என்னவருக்குப் பெயர் மாணிக்கம். முத்து முத்தான கையெழுத்து. காக்கா வலிப்பு உண்டு. என்னைக் கட்டிக்கொடுக்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது அவரைப் பிடித்துப்போயிருந்தது, இனி என்ன செய்ய. வருஷத்துக்கு ஐந்தாறு தடவை வரும், பெரும்பாலும் விடியற்காலைத் தூக்கத்தில். பகலில் வந்தால் முன்கூட்டியே ஓர் அடையாளம் உண்டு. வலது கை போய்ச் சட்டைப் பொத்தானைத் திருகும். போட்ட பொத்தானையே மறுபடி மறுபடி போடப் பார்க்கும். அதைக் கண்டதும் ஆளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்துவிடுவேன். உப்புக் கரிக்கிற மருந்து ஒன்றைத் தினமும் குடித்தார். கேட்பவர்களிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவைத்திருந்தோம். ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும்.

இந்த மனுஷனுக்கு ஆசை எதில் என்கிறீர்கள்? தூண்டில் போடுவதில். அதுவும் குளத்தில் இல்லை, கடலில்.

ஆபீஸ் குடும்பங்கள் சில சேர்ந்து மொரிப் கடற்கரையில் ஒரு வீட்டை வருஷாவருஷம் லீவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். கிள்ளான் வரைக்கும் ரயில், அதற்கப்புறம் வாடகைக் கார். கடற்கரை பங்களா என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். பங்களாவாம். கட்டைக்கால் மேல் நின்ற ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு அது. கூரையில் வௌவால், பாயில் மூட்டைப்பூச்சி, சோற்றில் மணல். அத்தனை பேருக்கும் ஒரே கக்கூஸ், அதன் கதவு சாத்தாது. நான் போன முதல் வருஷம் வயிறு வலிக்க வலிக்க அடக்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். ஆனால் என்னவர் அந்த வீட்டுக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டுதான் மீதி வருஷத்தை ஓட்டுவார். சாம்பான் படகில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"கடல்ல வந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

"வந்தா வந்துட்டுப் போவுது."

"அது வந்துட்டுப் போயிரும். நீங்க தண்ணிக்குள்ள போயிருவீங்க."

"அப்ப நீயும் வா" என்றார். நான் வரமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்னது. நானோ சைவக் குடும்பத்தில் பிறந்தவள். மீன் வாடை அடித்தால் தெருவை மாற்றி நடக்கிற ஆள். சரி, வரேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எத்தனை தடவை என் வாயை நானே திட்டிக்கொண்டேன் தெரியுமா.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். சாம்பானில் எழுந்து நிற்கக்கூடாது. தண்ணீரில் வெயில் மினுங்குவதைப் பார்க்கக்கூடாது, தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டும். அவர் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறு முனை என் இடுப்பில். "நான் விழுந்தா நீயும்ல விழுவ" என்றார். "விழுந்தா கூச்சல் போட ஒரு ஆளாவது இருக்கும்ல" என்றேன்.

ஐயோ, அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வேன். கடல் உள்வாங்கினதும் சேற்றில் இறங்கிப் புழு தோண்டுவார்கள். கறுப்பாக, வழவழவென்று, விரல் நீளத்தில். அது டின்னுக்குள் ஒன்றின்மேல் ஒன்று புரளும். அது போதாதென்று, புழுவுக்கு மசியாத மீனுக்காக அழுகின இறாலும் பிளாச்சான் என்கிற இறால் விழுதும் பிசைந்த ஓர் உருண்டை. அந்த டின் என் காலடியில்தான் இருக்கும். சாம்பான் ஆடும், டின் ஆடும், என் குடல் ஆடும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தம் எனக்கு ஆவாது, ஆவாதுன்னு தலையால அடிச்சிக்கிறேன்" என்பேன். "உஷ், மீன் ஓடிரும்" என்பார். பாதி வழியில் நான் வாந்தி எடுப்பேன். அதற்கும் மீன் வரும் என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று இருக்கும். கயிற்றை நினைத்து விட்டுவிடுவேன்.

கரையில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னம்மா இது, மாட்டக் கட்ற மாதிரி கட்டி வச்சிருக்க" என்பார் பெரிய கிராணியின் சம்சாரம். "அவருக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்று பல்லைக் காட்டிவைப்பேன். சிரித்துவிட்டுப் போகட்டும், விஷயம் வெளியே வராமல் இருந்தால் சரி. மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

நாலாவது வருஷம் பெரிய கிராணிக்குப் பாட்டுக் கச்சேரி நடத்த ஆசை வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் அவரே பாடினார். யாரும் தூங்கவில்லை. காலையில் என்னவர் கண் சிவந்திருந்தது. "இன்னைக்கு வேணாங்க" என்றேன். "நாளைக்கு ஊருக்குப் போறோம், ஒரே ஒரு தடவை" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை.

சாம்பானைத் துடுப்புப் போட்டவர் பாக் மான், எப்போதும் எங்களைக் கூட்டிப்போகிற மலாய்க்காரர். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போயிருப்போம். என்னவர் கை நெஞ்சுக்குப் போனது. அன்றைக்கு அவர் போட்டிருந்தது பனியன். இல்லாத பொத்தானை விரல் தேடியது. நான் கயிற்றைச் சுண்டி இழுத்து அவரைச் சாம்பானுக்குள்ளேயே சாய்த்துவிட்டேன். தூண்டில் கடலுக்குள் போனது. ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். உதறியது, நுரை வந்தது, அடங்கியது. பாக் மான் ஒரு வார்த்தை கேட்காமல் சாம்பானைக் கரைக்குத் திருப்பினார். கரை வருவதற்குள் என்னவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். விட்டிருந்தால் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து "தூண்டில் எங்க?" என்று கேட்டிருப்பார். கதை அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் கரையில் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவர் கிடந்த கிடையையும் வாய் நுரையையும் யாரோ பார்த்துவிட்டு "காக்கா வலிப்புடோய்" என்றதும் பெரிய கிராணி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "நகருங்க, நகருங்க, எனக்குத் தெரியும்." இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து என்னவர் கையில் வைத்தார். தூங்குகிற கை எதைப் பிடிக்கும்? சாவி கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது.

"முடிஞ்சிருச்சு ஐயா, விட்டுருங்க, தூங்குறாரு" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதும்மா. இரும்பு பத்தல, பெருசா வேணும்" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். சாம்பான் நங்கூரம் கண்ணில் பட்டுவிட்டது.

நான் கத்துவதற்குள் தூக்கிவிட்டார். தொந்தியும் தொப்பையுமாக நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு ஈரமணலில் கால் சறுக்கியது. சாம்பான் விளிம்பில் கிடந்த என்னவரின் வலது கைமேல் நங்கூரம் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னவர் அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

பெரிய கிராணி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, நெனவு வந்துருச்சு" என்றார்.

கூட்டமும் ஆமாம் என்று தலையாட்டியது. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் அவர் சம்சாரம் என்னவர் காலையில் காப்பி குடித்த மங்கு கிண்ணத்தைக் குச்சியால் தூக்கிக்கொண்டுபோய்ச் சேற்றில் எறிந்தாள். நுரை பட்டால் வலிப்பு ஒட்டிக்கொள்ளுமாம். கிண்ணத்தில் நுரை எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளையெல்லாம் இழுத்து வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாத்தாத கக்கூஸ் கதவைக்கூட அன்றைக்குச் சாத்தியிருப்பார்கள்.

கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும் வழியெல்லாம் பெரிய கிராணியைக் கெஞ்சிக்கொண்டே வந்தேன். "படகுல ஏறும்போது வழுக்கிட்டாருன்னு சொல்லிருவோம் ஐயா. ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். உங்க கால வேணாலும் புடிக்கிறேன்."

"என்னம்மா நீ, நான் சொல்லுவேனா? மாணிக்கம் எனக்குத் தம்பி மாதிரி" என்றார்.

அந்த நிமிஷம் அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். கெட்ட எண்ணம் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரெஸர் கேட்டபோது வழுக்கி விழுந்துவிட்டார் என்று நான் சொன்னேன், பெரிய கிராணியும் ஆமாம் போட்டார். அப்புறம் வெள்ளைக்கார டாக்டர் உள்ளே வந்தார். பெரிய கிராணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அவருடைய இங்கிலீஷ் வெளியே வந்தது. கை வேறு ஆட்டி ஆட்டி, ஃபிட்ஸ் என்கிறார், கடல் என்கிறார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். எனக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது. ஓர் உயிரைத் தான் காப்பாற்றிய கதையைச் சொல்கிறார் என்று புரிகிற அளவுக்குத் தெரியும். நங்கூரத்தை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் அவர் கையைக் குலுக்கினார்.

வலியோடு படுத்திருந்த என்னவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ருசி கண்டவர் விடுவாரா? ஆபீஸிலும் அதே கதையைச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் கடல் ஆழமாகிக்கொண்டே போனதாம். அப்புறம் டாக்டர் பரிசோதனை, வேலைக்குத் தகுதி இல்லை என்று கடிதம், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய உத்தரவு. நாங்கள் சாமான் கட்டுகிற அன்றைக்குப் பெரிய கிராணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "உசுரு இருக்கே மாணிக்கம், அது போதும்" என்றார். நான் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. நான் வாங்கின பழி அவ்வளவுதான். பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

கிள்ளானில் ஒரு கடை வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்தோம். நான் ரவிக்கை தைத்தேன். என்னவருக்கு இரண்டு விரல் மடங்காமலே நின்றுவிட்டது; அந்தக் கையெழுத்து போனது போனதுதான். துணி மடிப்பார், காஜா எடுத்த நூலை வெட்டுவார். கடல் முன்னைவிடக் கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் கயிற்றின் இந்த முனையில் உட்கார எனக்கு ஏது நேரம்? ஆசை வைக்கவும் அதற்குக் காவல் இருக்கவும் லீவு இருக்கிற வீட்டுக்குத்தான் முடியும் என்பது லீவு போன பிறகு தெரிந்தது.

இப்போது மொரிப்பில் சிமெண்டுச் சுவர் கட்டிவிட்டார்களாம். அந்த அத்தாப்பு வீடு நின்ற இடத்தைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டது. பாக் மான் இல்லை, பெரிய கிராணி இல்லை. என்னவரும் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸுக்கு நான் திரும்பி வந்ததே அதற்கப்புறம்தான்.

கிள்ளானுக்கு வந்த இரண்டாம் வருஷமோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் வேலை இல்லை. "வாங்க, மொரிப் போயிட்டு வரலாம். இடது கையால தூண்டில் போடுங்க, புழு நான் தோண்டுறேன்" என்றேன். வெட்டிக்கொண்டிருந்த நூலை அவர் கீழே வைத்தார்.

"வேணாம்மா. ஒனக்குத்தான் அந்த நாத்தம் ஆவாதே" என்றார்.

அத்தனை வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நான் அதைக் கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த மனுஷன் காதில் போட்டுக்கொண்டதில்லை. அன்றைக்குப் போட்டுக்கொண்டார்.