ஏலேயும் ஏளாவும்

சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ‘சொல்லக் கூடாத சொற்கள்’ என்று தலைப்பு எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டு, முதல் சொல்லாக ‘ஏலே’ என்று எழுதியவன் நான்தான். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு ‘ஏலே’யைத் தடை செய்யக் கிளம்பியவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு நான் கடுங்கோபத்தில் இருந்தேன்.

கோபத்துக்குக் காரணம் அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை. திருநங்கை. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் அருகே காலையில் தள்ளுவண்டியில் ஆப்பமும் இடியாப்பமும் விற்கிறாள். பாளையங்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் எங்கள் குழுவில் அவள்தான் மூத்தவள். குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அக்காவும் இன்னொரு திருநங்கையும், ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற இரண்டு பெண்கள், ஆண்களை நேசிக்கிற ஒரு கல்லூரி ஆசிரியர், அப்புறம் நான். ஆறு பேருக்கு நாலு நாற்காலி.

ஒரு மாதமாக ஒருவன் பைக்கில் வந்து அக்காவின் வண்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். முதலில் வெறும் பார்வைதான். பிறகு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும்போது பின்னாலேயே வர ஆரம்பித்தான். ஒருநாள் மாவுச் சட்டியைக் காலால் எத்திவிட்டுப் போனான். போலீசுக்குப் போவோம் என்றால் அக்கா அசைந்து கொடுக்கவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஊரில், செல்போன் திருட்டுப் போனதென்று ஸ்டேஷன் வாசலை மிதித்திருக்கிறாள். “என்னலே, சேலையெல்லாம் கட்டிருக்க?” என்று ஆம்பளையைக் கூப்பிடுவதுபோல ஒருவர் கேட்க, உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். வந்த வழியே திரும்பிவிட்டாள். போன செல்போன் போனதுதான்.

நானும் ஆசிரியரும் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டார். வேண்டுமானால் உங்கள் கடைக்கே ஆள் அனுப்பிப் புகாரை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். அதை வந்து சொன்னதும் அக்காவுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. நான் என்ன களவாணியா ஒளிந்து நின்று கொடுக்க, ஊரில் எல்லாரும் எந்த மேஜையில் கொடுக்கிறார்களோ அந்த மேஜையில்தான் கொடுப்பேன் என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“வாரேன். ஆனா அங்கன ஒரு ‘லே’ விழுந்துச்சுன்னா அப்படியே திரும்பிருவேன். பெறவு சாவுற வரைக்கும் என்னையப் போலீசுக்குப் போகச் சொல்லக் கூடாது.”

இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னோம். அப்படியானால் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருகிறேன், என் ஆட்களிடம் நீங்களே வந்து பேசுங்கள் என்றார். சார்ட் அதற்காகத்தான் எழுதினது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். இருபத்தெட்டு வயதில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் நாள் முழுக்க ஒருவனை ஒருவன் ‘ஏலே’ என்பார்கள். ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பினால் தெரு முழுக்க லே லே என்றுதான் கேட்கும். எனக்கு மட்டும் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற ‘ஏளா’. இன்றைக்கும் அம்மா போனில் “ஏளா, சாப்பிட்டியா?” என்றுதான் ஆரம்பிக்கிறாள். பாசமாகத்தான் கேட்கிறாள், ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது. கடைக்கு வருகிறவர்கள் ‘அண்ணாச்சி’ என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது கல்லாவுக்குக் கொடுக்கிற மரியாதை, அங்கே யார் உட்கார்ந்தாலும் கிடைக்கும். ‘லே’ அப்படியில்லை. நம்மில் ஒருத்தன் என்று நினைக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். எனக்கு அதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அந்தச் சொல்லைத்தான் சிவப்பு மையில் எழுதிக் குறுக்கே பெருக்கல் குறி போட்டேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் போட்டிருப்பேன்.

வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சாப்பிட்ட மயக்கத்தில் பதினைந்து போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார்ட்டை மாட்டிவிட்டு ஆரம்பித்தேன். வருகிறவர் யாராக இருந்தாலும் வாங்க, உட்காருங்க என்று சொல்லுங்கள். சேலை கட்டி வருகிறவரை அம்மா என்று கூப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் எப்படிக் கூப்பிடட்டும் என்று அவரையே கேட்டுவிடுங்கள். இவ்வளவுதான் பாடம், சார்ட்டின் கீழ்ப்பாதியில் இதையும் எழுதியிருந்தேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் ஏட்டு கையைத் தூக்கினார். ஐம்பது தாண்டியவர், ஸ்ரீவைகுண்டத்துக்காரர். புகார் எழுதி வாங்குகிற மேஜை அவருடையது. வம்புக்குக் கேட்கவில்லை, மனிதருக்கு உண்மையிலேயே கவலை. மகனையும் ஏலே என்றுதான் கூப்பிடுவாராம், வீட்டு மாட்டையும் அப்படித்தானாம். மகனுடைய வாத்தியாரிடமே ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாராம். “அது இல்லாம எனக்கு வாயே தெறக்காதே சார்,” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம், அக்காவின் செல்போன் கதையை ஒரு வரி விடாமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டு சார்ட்டில் இருந்ததைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒத்திகை. புகார் கொடுக்க வருகிறவன் நான், அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து என்னை வரவேற்க வேண்டும். முதலில் ஏட்டையாவையே எழுப்பினேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்.

“வாங்கம்மா, உக்காருங்கம்மா, என்ன விஷயம்மா?”

என்னைப் பார்த்து. நாலு முடி தாடியும் முழுக்கைச் சட்டையுமாக நின்ற என்னைப் பார்த்து. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் முகம் செத்துவிட்டது. ஏட்டையா அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

“ஏலே, மன்னிச்சிருலே. சார்ட்டப் பாத்துச் சொல்லிட்டேம்லே.”

ஒரே மூச்சில் மூன்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு சார்ட்டைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் முறைத்தார். பாடம் நடத்துகிறவன் நான், நான்தான் கண்டித்திருக்க வேண்டும். எனக்கோ காது இரண்டும் சூடாகிவிட்டது. பரவாயில்லை, பரவாயில்லை என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு அடுத்த ஆளை எழுப்பினேன். அன்று வீடு திரும்பும்போது முருகன்குறிச்சி சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

வகுப்புக்கு என்னோடு வந்திருந்த ஆசிரியர் வாயில் எதுவும் தங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. மூன்று லே வாங்கிய மாப்பிள்ளைக்கு மூன்று ஆப்பம் என்று தட்டை நீட்டினாள். எல்லாரும் சேர்ந்து என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். எனக்கு வெட்கமும் உறுத்தலும் ஒன்றாக இருந்தது. அவளை வாசலோடு திருப்பி அனுப்பிய சொல்லுக்கு நான் பாட்டுப் பாடியிருக்கிறேன். அதை அவளிடமே சொன்னேன். போடா கிறுக்கா, எனக்குப் பசிக்காவிட்டால் நீயும் சாப்பிடக் கூடாதா என்றாள். ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. அந்த ஏட்டுக்கு நாக்கில் ஊறிப்போன சொல் அது, பதறினால் என்னிடமும் வந்துவிடும் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

மறுநாள் ஆப்பம் விற்று முடித்து, குளித்து, இளநீலச் சேலை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் “வாங்கம்மா” என்றதும், யாரைச் சொல்கிறார் என்று அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, காணாமல் போனவர் அறிவிப்புக்கும் ஹெல்மெட் போஸ்டருக்கும் நடுவில் என் சார்ட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஏட்டையா.

எழுந்து நின்றார். “வாங்கம்மா. உக்காருங்க. பேரச் சொல்லுங்க.” எல்லாம் சரியாகச் சொன்னார், நெற்றியில்தான் வேர்வை. அக்கா உட்கார்ந்தாள். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒரு மாதமாக அடக்கியதா, அந்தச் செல்போன் காலத்திலிருந்து அடக்கியதா, தெரியவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். ஏட்டையா சார்ட்டை நிமிர்ந்து பார்த்தார். அழுகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் அதில் எழுதவில்லை. அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன். போச்சு, வரப்போகிறது என்று நினைத்தேன்.

“ஏளா, அழாதளா. நான் இருக்கேம்லா. இந்தா, தண்ணியக் குடி.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. புகார் கொடுக்க வந்தவளை ஒருமையில் பேசுகிறார். அதுவும் ஏளா, என்னை இருபத்தெட்டு வருடம் கட்டிப்போட்ட அதே ஏளா. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அக்கா மேஜைக்கடியில் கையை விட்டு என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதற்குள் ஏட்டையாவுக்கே உறைத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடாத குறை. மன்னித்துக்கொள்ளுங்கம்மா, வீட்டுப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வாய் பழகிவிட்டது, சார் எழுதினதை நான் மறக்கவில்லை என்று குழறினார்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கம்மாகூட ஒருநாளும் என்னைய அப்படிக் கூப்பிட்டதில்ல ஏட்டையா,” என்றாள். “அப்படியே கூப்பிடுங்க.”

நான் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

புகார் இரண்டு பக்கம் வந்தது. மறுநாளே அந்த ஆளை வரவழைத்து விசாரித்தார்கள். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான், சொன்னபடி போகவும் இல்லை. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த மேஜையில், ஏட்டையா வெள்ளைத் தாளை இழுத்து முன்னால் வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“சரி, பேரச் சொல்லுளா,” என்றார்.

அக்கா சொன்னாள். அவளாகத் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். ஏட்டையா மறுகேள்வி கேட்கவில்லை, எழுதினார்.