ஸ்போர்ட்ஸ் காருக்குக் காற்றுக் குழாய் மாட்டியபோது

பட்டறைக்கு வருகிற வண்டிகள் பெரும்பாலும் கோளாறோடுதான் வரும். ஆனால் மெக்கானிக்கின் நிம்மதியைக் கெடுப்பது, நன்றாக ஓடுகிற வண்டியை இன்னும் நன்றாக ஓடவைக்கச் சொல்லி வருகிற ஆள்தான். நீங்களும் பட்டறை நடத்தியவராக இருந்தால், இல்லை பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை நாளைத் தொலைத்தவராக இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளில் காரிமங்கலத்தில் ஹைவே ஓரமாக எனக்கு ஒரு ஷெட் இருந்தது. இன்ஜின் வேலை என்னுடையது. பக்கத்து ஷெட்டில் காதர் பாய் டிங்கர் வேலை பார்த்தார். நசுங்கிய கதவை நிமிர்த்துவது, தகடு வெட்டி ஒட்டுவது எல்லாம் அவர் கைவேலை. லாரி, டிராக்டர், வாடகை அம்பாசடர் என்று போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பில் ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதைப் பற்றித்தான் இது.

அட்டைப்பெட்டி

காரைக் கொண்டுவந்தவர் ஜெயசீலன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவரும் அவருடைய அண்ணனும் பெங்களூரில் ஒரு எஸ்டேட் முதலாளியிடம் வாங்கிய பழைய வெளிநாட்டுக் கார் அது. இரண்டே சீட், தாழ்வான உடம்பு, கரும்பச்சை நிறம். காரோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். உள்ளே பளபளவென்று ஓர் அலுமினியக் குழாய், கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர், ரப்பர் முழங்கை, நாலு கிளிப், படம் போட்ட ஒரு தாள். இன்ஜின் தன் சூட்டிலேயே காய்ந்த காற்றை இழுக்காமல், வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க வைக்கிற சாமான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கார்புரேட்டருக்குள் அது போனால் வண்டிக்கு இழுவை கூடும்.

"இதெல்லாம் இங்கே கிடைக்காதே சார், எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டேன். அண்ணன் அமெரிக்காவில் வேலைக்குப் போனவர் என்றும், அங்கே திடீரென்று இறந்துவிட்டார் என்றும், அவருடைய துணிமணிகளோடு இந்தப் பெட்டியும் வந்து சேர்ந்தது என்றும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"நல்லாருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. அவன் வாங்கினான், வண்டியில இருக்கணும். அவ்வளவுதான்."

படத்தில் இல்லாத ஸ்டீயரிங்

பானெட்டைத் திறந்து தாளை விரித்துப் பார்த்ததும் எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது. படத்தில் இருந்தது இடதுபக்க ஸ்டீயரிங் வைத்த கார். நம் காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம். படத்தில் குழாய் போகிற வழியில் எங்களுக்கு ஸ்டீயரிங் ராடு குறுக்கே நின்றது. குழாயை இடப்பக்கம் திருப்பினால் பேட்டரி இடித்தது.

காதர் பாய் வந்து குனிந்து பார்த்தார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு வட்டம் வெட்டினால் குழாய் மேலாகவே வெளியே போய்விடும் என்றார். ஜெயசீலனுக்கு அதில் இஷ்டமில்லை. "பாடியில ஓட்டை போட வேணாங்க. அந்தப் பெயிண்ட்டு அண்ணன் நின்னு அடிக்க வச்சது." அப்படியானால் குழாயை இரண்டாக வெட்டி, முழங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, பம்பருக்கு அடியில் ஏற்கெனவே இருக்கிற சந்தில் வாயை வைக்கலாம் என்று நான் சொன்னேன். ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கும். அங்கேதான் காற்று நேராக அடிக்கும் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

குழாயில் ஹேக்ஸா பிளேடு இறங்கும்போது ஜெயசீலன் ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். வெட்டி முடித்து, பிசிறை அரம் போட்டுத் தேய்த்து, காதர் பாய் அடித்துக் கொடுத்த தகட்டுப் பட்டையால் குழாயை இறுக்கினேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ஜெயசீலன் கை கழுவப் போன சமயம் காதர் பாய் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"கீழ வாய வச்சிட்ட சேவியரு, தண்ணி கண்ட எடத்துல குடிச்சிடும். அவருகிட்டச் சொல்லி அனுப்பு."

தொப்பூர் ஏற்றம்

நான் சொல்லவில்லை. நம்ம மாவட்டத்தில் மழை எங்கே பெய்கிறது என்று நினைத்தேன். ராகிக்கும் கடலைக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ரோட்டில் தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஜெயசீலனும் நானும் தொப்பூர் கணவாய்க்கு வண்டியைச் சோதிக்கப் போனோம். கீழே இறங்கித் திரும்பி ஏறினோம். இரண்டாவது கியருக்கு வரவேண்டிய வளைவுகளில் வண்டி மூன்றாவதிலேயே ஏறியது. இன்ஜின் சத்தம்கூட மாறியிருந்தது, நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி. ஜெயசீலன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஒரு லாரி டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு வளைவில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருந்தோம்; அன்று விடிகாலை இறங்கும்போது கவிழ்ந்த அந்த லாரியை ஓட்டியது அவருடைய கூட்டாளி. ஆளை சேலத்துக்கு எடுத்துப்போயிருந்தார்கள், பிழைப்பாரா என்று தெரியவில்லை. வேறு பேச்சு பேச வாய் வராமல், வண்டியில் என்ன வேலை செய்தோம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முழுசும் கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏறறதுக்கு என்னென்னமோ மாட்டறீங்க. எறங்கறதுக்கு என்ன மாட்டியிருக்கீங்க?"

தரைப்பாலம்

அன்று திரும்பிவந்ததும் நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுத்தேன். டிரைவர் சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதியில் காதர் பாய் சொன்னது மறந்தே போயிற்று.

ஐப்பசியில் அந்த வருஷம் நாலு நாள் விடாமல் பெய்தது. ஜெயசீலன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் மாமனார் ஊருக்கு வந்திருந்தார். அடுத்த வீட்டு மாதப்பன் தக்காளித் தோட்டத்தில் வேலி ஓரம் புல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் காலில் கடித்துவிட்டது. ஊரில் அப்போதைக்கு இருந்த ஒரே வண்டி ஜெயசீலனுடையது. இரண்டு சீட்தான், அதனால் மாதப்பனின் மனைவி முனியம்மாளை ஏற்ற இடமில்லை. மாதப்பனை மட்டும் உட்கார வைத்துக்கொண்டு தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

வழியில் ஒரு தரைப்பாலம். அதன்மேல் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன பஸ் சிரமமில்லாமல் கடந்தது. பின்னாலேயே ஜெயசீலன் இறக்கினார். பாதிப் பாலத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம்; இன்ஜின் நின்றது. அப்புறம் அசையவில்லை. அவர் மாதப்பனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்து கரையேறி நின்றார். அரை மணி நேரம் கழித்துத் தக்காளிக் கூடை ஏற்றிய ஒரு டிராக்டர் வந்தது. கூடைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு மாதப்பனைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அதே டிராக்டர்தான் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தது. அதன் டிரைவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"அதே தண்ணியில என் வண்டி வந்துச்சுங்க, பஸ்ஸும் வந்துச்சு. இது மட்டும் ஏன் நின்னுச்சுன்னு பாருங்க."

ஸ்பார்க் பிளக்

பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றியபோது தண்ணீர் பீச்சியடித்தது. பிஸ்டனோடு இணைந்த ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. பம்பருக்கு அடியில் நான் வைத்த வாய் தண்ணீரை உறிஞ்சி நேரே சிலிண்டருக்குள் அனுப்பியிருக்கிறது.

ஜெயசீலன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. "பழைய இன்ஜின்தானே, எப்பவோ ஒரு நாள் போக வேண்டியதுதான்," என்றார். அதோடு விட்டிருக்கலாம். காதர் பாய் கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொல்லாவிட்டால் அவரும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் தாங்கமுடியவில்லை.

"இல்லீங்க சார், பழசுனால இல்ல," என்று ஆரம்பித்தேன். வாய் எங்கே இருக்கிறது, தண்ணீர் எப்படிப் போனது, பாய் எச்சரித்தது, நான் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கை ஆயில் துணியைப் பிசைந்துகொண்டே இருந்தது. ஜெயசீலன் எழுந்து போய்க் குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொன்னது சரி. மாதப்பன்கிட்டயும் வந்து இதேபோலச் சொல்லுங்க."

முனியம்மாள்

மாதப்பன் பிழைத்துவிட்டார். ஆனால் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் ஜெயசீலன் கேட்டாராம். அதை யாரும் சொல்லமுடியாது என்றாராம் டாக்டர்.

மாதப்பன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு வாரச்சந்தை நாளில் பட்டறையைச் சாத்திவிட்டுப் போனேன். ஜெயசீலன் கூட வந்தார். மாதப்பன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். காற்றுக் குழாய், கார்புரேட்டர் என்று நான் சொன்னது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "வண்டின்னா நிக்கறதுதாங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார். முனியம்மாள் கதவோரம் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள். அன்றைக்கு அவள் அடுத்த பஸ்ஸுக்கு மழையில் காத்து நின்று, புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே தருமபுரி வரை வந்திருக்கிறாள். நான் பேசி முடித்ததும் மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்த வண்டி இல்லன்னா மனுசனே இல்ல. வண்டி நிக்கலன்னா வெரலும் இருந்திருக்கும். ரெண்டையும் நீங்களே வச்சிப் பாருங்க, என்னைக் கேக்காதீங்க."

தக்காளி வேன்

இன்ஜினைப் பிரித்துக் கட்ட மூன்று வாரம் ஆனது. குழாயின் வாயை மேலே, ஹெட்லைட் பக்கம் கொண்டுபோனோம். பச்சைப் பெயிண்ட்டில் ஜெயசீலனே சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார், காதர் பாய் வெட்டினார். யாரும் ரோட்டுப் பக்கம் போய் நிற்கவில்லை.

அதற்குள் செய்தி பாலக்கோடு தக்காளி மார்க்கெட் வரை போயிருந்தது, ஆனால் வண்டி ஏற்றம் ஏறிய பாதிதான்; தண்ணீரில் நின்ற பாதி போகவில்லை. நஞ்சப்பா என்கிற வேன்காரர் வந்தார். கன்னடம் கலந்து பேசுவார். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூரில் லோடோடு ஏற வண்டி திணறுகிறதாம், அந்தக் குழாய் தனக்கும் வேண்டுமாம். நான் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. எந்த ரோட்டில் போவீர்கள், மழைக்காலத்தில் எந்தப் பாலத்தைக் கடப்பீர்கள், வண்டியில் ஆள் ஏற்றுவீர்களா, அவசரமென்றால் ஊரில் வேறு வண்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் மண் அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்தாலே போதும் என்றேன். அவர் காதர் பாயைப் பார்த்துக் கையை விரித்தார்.

"ஏன் பாய், நான் வண்டிக்குக் காத்து கேட்டு வந்தேன், இவரு பொண்ணு கொடுக்கற மாதிரி விசாரிக்கறாரே."

இத்தனை வருஷத் தொழிலில் நான் எத்தனையோ வண்டிகளை வேகமாக ஓடவைத்திருக்கிறேன், ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் குறைசொன்னது நான் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகுதான்.