கூட்டுக் கிணற்றுக்காரி

காலையில் மோட்டாரைப் போடும் முன் என் தங்கை மணிமேகலை கிணற்றுப் படியில் இறங்கி, ஒரு சிட்டிகை தவிட்டைத் தண்ணீரில் தூவுவாள். கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாள். "வந்துட்டாக" என்பாள், விருந்தாளிகள் வந்ததுபோல.

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் வெங்காயமும் வைத்திருக்கிறாள். ஐந்து வருடமாக உரமூட்டையும் பூச்சிமருந்தும் அவள் வரப்பைத் தாண்டியதில்லை. மண் இப்போது காலடியில் மெத்தென்று அமுங்குகிறது. அடித்துப் பெய்யும் மழையும் ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. யார் அந்தக் கத்தரிக்காயைக் கையில் எடுத்தாலும், "என் தங்கச்சி காய்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

திண்டுக்கல்லில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால், மொய் எழுதும் முன் சமையல்கட்டுக்குப் போய் காய்த்தோலைச் சாக்கில் கட்டிவிடுவாள். உரக்குழிக்கு. பட்டுச்சேலையோடு டவுன் பஸ்ஸில் அதை ஏற்றியபோது கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். "குப்பைக்கும் டிக்கெட்டாண்ணே?" என்றாள். அவர் விசில் ஊதினார்.

கிணறு அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. பாதிப் பங்கு எங்கள் சித்தப்பா பெருமாள்சாமிக்கு. மருந்தடித்து விவசாயம் செய்பவர். அவளை "மருந்தில்லா மகராணி" என்பார். மருந்து டேங்கைக் கிணற்று மேட்டில் கழுவுவது அவர் பழக்கம். போன கோடையில் அப்படிக் கழுவிய மறுநாள், மீன் அத்தனையும் வயிறு தெரிய மிதந்தன. ஒரு குடம் தண்ணீரில் கழுவியதற்கு இம்புட்டுப் பேச்சா என்றார் சித்தப்பா.

இவள் சண்டைக்குப் போகவில்லை. "இந்தத் தண்ணியத்தான சித்தப்பா நீங்களும் குடிக்கிறீக. டேங்கக் கழுவ நானே வயலுக்குத் தண்ணி கொண்டாரேன். கழுவுனத அந்தச் செடிக்கே அடிச்சுவிட்ருங்க."

அன்று முதல் அவர் மருந்தடிக்கும் நாளெல்லாம், கைவேலையைப் போட்டுவிட்டுக் குடத்தோடு அவர் வயலுக்கு நடந்தாள். "கலெக்டரம்மா வாராக" என்று அவர் முனகுவார். கிணற்றில் புதுக்குஞ்சு விட்ட பிறகு வெளியூர் போகவே பயந்தாள். தான் இல்லாத அன்று டேங்க் மறுபடி கிணற்றுக்கு வந்துவிடும் என்ற பயம். அத்தை பேத்தி காதுகுத்துக்குக்கூட வரவில்லை.

போன வாரம் காய்ச்சல். ஊசி போட நான்தான் அவளைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பூச்சிமருந்து வாடை அடித்தது. என்னை விட்டுவிட்டு ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் டேங்க் இல்லை. அது சித்தப்பாவின் வரப்பிலேயே கிடந்தது. அவர் கிணற்றடியில் ஒரு குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, தோளில் ஏற்றிவிட ஆளில்லாமல் நின்றார்.

"நீ வர நேரமாச்சுல்ல, அதான்," என்றார்.

மணிமேகலை வழக்கம்போலக் குடத்தைத் தான் எடுத்துக்கொண்டு நடக்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, அவர் தோளில் ஏற்றிவிட்டாள்.